மெய்க்கீர்த்தி தெரிந்த கண்

கல்வெட்டு படிக்கப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மயங்குவது ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில்தான், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைச் சொல்லும் வரிகளில். "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும் தனக்கே உரிமை பூண்டமை மனக்கொளக் காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி..." சோழர் வரலாற்றில் கொஞ்சம் ஆர்வம் இருந்தால் போதும், இந்த வரிகள் காதில் ஊறியிருக்கும். சுவரில் 'திரு' என்று இரண்டு எழுத்து கண்ணில் பட்டதும் மீதி வாயிலிருந்து தானாக வந்துவிடும். விரல் கல்லின்மேல் நகர்கிறது, கண்ணும் கூடவே நகர்கிறது, சொல்வதும் சரியாக இருக்கிறது. சுற்றி நிற்பவர்கள் அசந்துபோகிறார்கள். சொல்கிறவரும் தனக்குப் படிக்க வந்துவிட்டது என்று மனமார நம்புகிறார். மெய்க்கீர்த்தி முடிந்து ஊர்ப்பெயரும் நில எல்லையும் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு எழுத்தைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

ஐம்பது வயதுக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்து இந்த எழுத்துகளைப் படிக்கத் தொடங்கியவன் நான். வங்கியில் ஓய்வு பெற்றவர், பள்ளி ஆசிரியை, கணினித் துறைப் பையன்கள், ஒரு சிற்பி என்று கலவையான கூட்டம். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது. சேரும்போது எல்லாருக்கும் அது நிம்மதியாக இருந்தது. ஆனால் நடு வயதில் எதையாவது படிக்க வருகிறவருக்கு உள்ள பெரிய சிக்கலே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நமக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று சொல்ல யாருமே இல்லை. வாத்தியார் எழுத்து அட்டவணையைப் பலகையில் போடுகிறார், பார்க்கிறோம், தலையாட்டுகிறோம். வீட்டுக்கு வந்து அதே அட்டவணையை மறுபடி பார்க்கிறோம், மறுபடி தலையாட்டுகிறோம். பார்க்கப் பார்க்க அட்டவணை பழகுகிறது. பழகிய எதையும் தெரிந்ததாக எடுத்துக்கொள்வது மனத்தின் சுபாவம்.

இதை எண்களாகவே காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்டது. மாணவர்களுக்குச் சின்னச் சின்ன உரைநடைப் பகுதிகள் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு வேளையும் படித்தது. இன்னொரு குழு மூன்று வேளை படித்து, நான்காவதில் தாளை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதியது. மூன்றாம் குழு ஒரு வேளை மட்டும் படித்தது. மற்ற மூன்றிலும் வெறுந்தாளில் நினைவிலிருந்து எழுதியதோடு சரி. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முதல் குழுவுக்கு 83 விழுக்காடு நினைவிருந்தது, இரண்டாவதற்கு 78, மூன்றாவதற்கு 71. அன்றோடு கணக்கை மூடியிருந்தால் திரும்பத் திரும்பப் படிப்பதே சிறந்தது என்று முடிவாகியிருக்கும். ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். 40, 56, 61. வரிசை அப்படியே தலைகீழ்.

இதில் எனக்குச் சுவையான செய்தி அந்த 61 கூட இல்லை. நான்கு வேளையும் படித்த குழு அந்தப் பகுதியைச் சராசரியாகப் பதினான்கு முறை வாசித்திருந்தது. மூன்றாம் குழு மூன்றரை முறைகூட வாசிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது அதிக நம்பிக்கையோடு இருந்தது பதினான்கு முறை வாசித்தவர்கள்தான். மெய்க்கீர்த்தி ஒப்பிக்கிறவரின் நம்பிக்கையும் இதே ரகம்.

ஒப்பிப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர்ப் படிப்பை 'மனப்பாடம்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாத்தியார் முன் நின்று பாடம் ஒப்பித்தது, நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சிதான். வேலை செய்யும் முறைதான். அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. எப்போதும் தலையிலிருந்தே தொடங்குகிறோம். ஒரு வரி அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வருகிறது. நடுவில் ஒரு வரியைக் கேட்டால் மறுபடி முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே அந்த இடத்துக்கு வர வேண்டியிருக்கிறது. ஏழாம் வாய்ப்பாட்டில் எட்டாவது என்ன என்று கேட்டால் 'ஓரேழு ஏழு' என்று ஆரம்பிக்கிற பிள்ளை எல்லா வீட்டிலும் உண்டு. கல்வெட்டில் இந்த வசதி இல்லை. பாதி வரி சுண்ணாம்புக்குள் போயிருக்கும், மீதி வரியின்மேல் பின்னால் வந்தவர்கள் தூண் எழுப்பியிருப்பார்கள். நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எழுத்தின் சிக்கலையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் புள்ளி வைப்பது அரிது. எகரம் ஏகாரம் வேறுபாடு கிடையாது, ஒகரம் ஓகாரமும் அப்படியே. ரகரமும் காலும் ஒரே வடிவம். ஆக, ஒற்றைக் கொம்பு, ககரம், கால் மாதிரி ஒரு கோடு என்று மூன்று வடிவம் சேர்ந்து நின்றால் அது கொ, கோ, கெர, கேர, கெர், கேர் எதுவாகவும் இருக்கலாம். இடையில் வடசொல் வந்தால் கிரந்த எழுத்து எட்டிப்பார்க்கும். தொடக்கத்து 'ஸ்வஸ்திஸ்ரீ'யே கிரந்தம்தான். பாண்டிய நாட்டுப் பக்கமும் சேர நாட்டுப் பக்கமும் போனால் வட்டெழுத்து என்ற இன்னொரு பழைய எழுத்துமுறை. அதில் பிற்காலத்துக் கல்வெட்டுகளில் ப, ய, வ மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல நிற்கும். எழுத்துக்கும் பொருளுக்கும் இடையே கண் ஓயாமல் போய்வர வேண்டியிருப்பதால்தான், முன்பே தெரிந்த வாசகம் இவ்வளவு எளிதாக நம்மை ஏமாற்றுகிறது.

அதனால் நான் செய்யும் சுயசோதனையின் முதல் விதி, தெரிந்த வாசகத்தில் சோதித்துக்கொள்வதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் பணிக்கு அமர்த்திய பெண்கள்) கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய நானூறு பெண்களுக்கு வீடும், ஆளுக்கு ஒரு பங்கும் கொடுத்த பட்டியல். ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு நூறு கலம் நெல். பெயருக்கு முன்னால் 'நக்கன்' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். அதற்கு அடுத்தது சேரமங்கையா, வேறு யாரா என்று ஊகிக்க வழியே இல்லை. எழுத்தைப் பார்த்தால்தான் உண்டு. வாய்ப்பாடான சொல்லும் ஊகிக்க முடியாத பெயரும் மாறி மாறி வரும் இப்படி ஒரு வினாத்தாளை எந்த வாத்தியாரும் தயாரித்திருக்க முடியாது.

இதற்கு விடைத்தாளும் அச்சில் இருக்கிறது. ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மன் கல்வெட்டறிஞர் தொடங்கிவைத்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியில் பெரும்பாலும் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகள். முதல் தொகுதி வந்தது 1890-இல். பழைய தொகுதிகள் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. கைப்பேசியில் ஒரு பகுதியைப் படமெடுத்துக்கொள்வேன். (டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். மாவு பூசுவது, சாக்பீஸ் தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.) வீட்டில் உட்கார்ந்து தொகுதியைத் திறக்காமல் ஒரு வரி முழுவதையும் நோட்டில் எழுதுவேன். ஐயமுள்ள எழுத்தின் கீழே கோடு. அந்த வரி முடிந்த பிறகுதான் விடை பார்ப்பது. எழுத்துக்கு எழுத்து எட்டிப் பார்த்தால் அது படிப்பதாகாது, சரிபார்ப்பதாகிவிடும். இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் நினைவுக்கு ஒன்றல்ல.

கீழ்க்கோடு போடும் வழக்கத்தை யாரும் சொல்லித் தரவில்லை, ஐயத்தைக் குறித்துக்கொள்ளத் தொடங்கியது. அதற்கு இன்னொரு பயனும் உண்டு என்று பிறகு தெரிந்தது. உறுதியாக நம்பிச் சொன்ன விடை தவறாகி, உடனே திருத்தப்பட்டால், அரைகுறையாக ஊகித்துத் தவறியதைவிட அந்தத் திருத்தம் நன்றாகப் பதிகிறது. பட்டர்ஃபீல்டு, மெட்காஃப் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2001-இல் இதை எழுதினார்கள். கோடு போடாத எழுத்து தவறாகியிருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

அட்டைகளும் உண்டு. கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கம் இதற்கு மிகவும் ஏற்றது. கெட்டியான தாள், வருஷம் முழுக்க வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் அதன் ஒலி. இனிப்புக் கடைப் பெட்டியில் மூன்று தடுப்பு. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும், தவறினால் முதல் தடுப்புக்கே திரும்பும். முதல் தடுப்பைத் தினமும் எடுப்பது, இரண்டாவதை வாரம் ஒருமுறை, மூன்றாவதை மாதம் ஒருமுறை. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1970-களில் பரப்பிய முறை இது. கைப்பேசியில் ஆங்கி என்ற செயலி இதே வேலையைக் கணக்குப் போட்டுச் செய்கிறது, ஆண்ட்ராய்டில் இலவசமாக. எங்கள் வகுப்புப் பையன்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு எழுத்தைக் கையால் வரைவதில் ஒரு லாபம் தெரிகிறது, அதனால் பத்திரிகை அட்டை.

இடைவெளி விடுவது பலருக்கு உறுத்தும். மறந்துவிடுமே என்பார்கள். கொஞ்சம் மறக்கட்டும் என்பதற்குத்தான் இடைவெளி. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து பார்த்து, 1885-இல் அதை நூலாக வெளியிட்டார். எவ்வளவு நினைவிருக்கிறது என்று அவர் அளக்கவில்லை. மறுபடி படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். இருபது நிமிடம் கழித்து 58 விழுக்காடு மிச்சம், ஒரு நாள் கழித்து 34, ஒரு மாதம் கழித்து 21. முதல் நாளிலேயே பெரும் சரிவு; பிறகு மெல்லத்தான் தேய்கிறது. "வயசாயிடுச்சு, மண்டையில நிக்கல" என்று சொல்லும் நண்பர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்வேன். இந்தச் சோதனைகளின்போது எபிங்ஹாஸுக்கு முப்பதை ஒட்டிய வயதுதான்.

அட்டைகளைக் கலைத்துப் போடுவது இன்னும் முக்கியம். பகரம் பத்து, யகரம் பத்து, வகரம் பத்து என்று வரிசையாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே வரும், ஏனென்றால் அடுத்தது என்ன என்று முன்பே தெரியும். 2007-இல் ரோரரும் டெய்லரும் கணக்கில் இதைச் சோதித்தார்கள். நான்கு வகைக் கன உருவங்களின் கன அளவைக் காணும் பயிற்சி. வகைவாரியாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரி; கலந்து பயின்றவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் வகைவாரிக் கூட்டம் 20-க்கு இறங்கியது, கலந்து பயின்றவர்கள் 63. பயிற்சியில் தடுமாறாதவர் தேர்வில் தடுமாறுகிறார். வட்டெழுத்தின் ப, ய, வ மூன்றையும் தனித்தனியே பார்த்தவருக்கு மூன்றும் தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒன்றும் தெரியாது. கற்க வேண்டியது எழுத்தைக்கூட அல்ல, எழுத்துகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை.

எழுத்து தெரிந்த பிறகு பொருள். இங்கே அட்டை அவ்வளவாக உதவாது. கேள்வியை யோசித்து உண்டாக்க வேண்டும். விளக்குக் கொடைக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நந்தா விளக்குக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்குக்கு, 96 ஆடு. அந்த ஆடுகளைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு என்ற அளவு நெய் அளக்க வேண்டும். ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். படித்து முடித்ததும் மூடிவைத்துவிட்டு யார் கொடுத்தார், யார் பெற்றார், தினமும் என்ன அளக்க வேண்டும், காவல் யார் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். அடுத்து 'ஏன்' கேள்வி. ஆடு எப்படிச் சாகாமல் இருக்கும்? குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது பெற்றவர் கடமை. முதல் அப்படியே நிற்கும், வட்டி நெய்யாக வரும். அதற்குமேல் ஒரு கணக்கு. தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்ற மதிப்பு வருகிறது. ஒருவர் 30 பசு கொடுத்து மீதியை ஆடாகக் கொடுத்தால் எத்தனை ஆடு? 36. இப்படி ஒரு கேள்வியைத் தானே போட்டு விடை கண்டவருக்கு அந்த மூன்று எண்களும் பிறகு மறப்பதில்லை.

நில அளவு வரும் இடங்கள் இன்னும் கடினம். வேலி என்ற நில அளவில் மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, அரைக்காணி நூற்றறுபதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. 'கீழ்' என்ற சொல் வந்துவிட்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் மறுபடி முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு எண்சுவடி மூலம் இதெல்லாம் நுனிநாக்கில் இருந்தது. நமக்குக் கால்குலேட்டர் இருந்தும் தலை சுற்றுகிறது. நான் எல்லாவற்றையும் முந்திரியில் மாற்றச் சொல்லி என்னையே கேட்டுக்கொள்வேன். 'மூன்று மா முக்காணி அரைக்காணி' எத்தனை முந்திரி? 48, 12, 2, மொத்தம் 62. பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இதுதான் பொழுதுபோக்கு. பக்கத்துச் சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், அதைப் பொருட்படுத்தக் கூடாது.

சோதனை என்ற பேச்சே எங்கள் வகுப்பில் ஆரம்பத்தில் பிடிக்காமல் இருந்தது. நியாயம்தான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, வேலைக்கான தேர்வு என்று வாழ்க்கையின் முதல் பாதியில் சோதனை என்பது அடுத்தவர் நம்மைத் தரம் பிரிக்கும் வேலையாகவே இருந்தது. போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் 'டெஸ்ட் பேட்ச்' சேர்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும் வாரம் ஒரு டெஸ்ட் எழுதினால்தான் பாடம் நிற்கும் என்று. ஆனால் தரவரிசையும் சேர்ந்தே வருவதால் அதைப் படிப்பாக யாரும் நினைப்பதில்லை. மதிப்பெண்ணை எடுத்துவிட்டால் மீதி இருப்பது கேள்வியும் பதிலும்தான்.

பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் மாணாக்கன் நூல் பயிலும் முறையைச் சொல்லும்போது பாடம் போற்றல், கேட்டவை நினைத்தல், ஆசானிடம் மறுபடி கேட்டல், தன்னையொத்தவர்களோடு பயிறல், "வினாதல் வினாயவை விடுத்தல்" என்று அடுக்குகிறார். தேர்வு வைக்கச் சொல்லவில்லை. கேட்கவும் கேட்டதற்கு விடை சொல்லவும் சொல்கிறார். அடுத்து வரும் கணக்கு இன்னும் கறாரானது. ஆசான் சொன்னதை முழுதாக உள்வாங்கினாலும் "காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்". கால் பங்குதான் பிடிபடும். கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்குச் "செவ்விதின் உரைப்ப" வருவது. பங்குகளை அளந்து பார்த்துச் சொன்னதல்ல, தெரியும். ஆனாலும் எங்கள் வகுப்பில் யார் முன்னேறினார்கள் என்று பார்த்தால் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்தான் வருகிறது. நோட்டு அழகாக வைத்திருந்தவர்கள் அல்ல, கோயிலில் அடுத்தவருக்குப் படித்துக் காட்டியவர்கள்.

படித்துக் காட்ட ஆள் தேட வேண்டியதில்லை. எந்தச் சிற்றூர்க் கோயில் சுவர் முன்னால் நின்று அரை மணி நேரம் வெறித்துப் பார்த்தாலும் நான்கு பேர் கூடிவிடுவார்கள். "என்ன சார் போட்டிருக்கு? புதையல் கிதையல்னு ஏதாவது?" என்று குருக்களே ஒருமுறை கேட்டார். "இல்ல சாமி, ஆடு கணக்கு" என்றேன். "ஆடா? யாரோட ஆடு?" அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அந்த வரியைப் பெயரோடும் ஊரோடும் உண்மையாகப் படித்திருக்க வேண்டும், 'ஏதோ தானம்' என்று மழுப்ப முடியாது. "எந்த ஊர்க்காரன்?" என்பது அடுத்த கேள்வி. அதுவும் அந்த ஊர்ப்பெயர் இன்றைக்கும் பக்கத்திலேயே இருந்துவிட்டால் சும்மா விடமாட்டார்கள்.

இவ்வளவும் விடைத்தாள் கையில் இருக்கும் வரைக்கும்தான். சில காலம் போனபின் நம் வாசிப்பும் அச்சிட்ட வாசிப்பும் ஒத்துப்போகாத இடங்கள் வரத் தொடங்கும். தொகுதியிலேயே சிதைந்த இடங்களுக்குக் குறி போட்டு விட்டிருப்பார்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய மைப்படியில் (கல்லின்மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படியில்) தெரியாத எழுத்து இன்றைய படத்தில் தெரிவதும் உண்டு, அன்று தெரிந்தது இன்று உதிர்ந்துபோயிருப்பதும் உண்டு. தொண்ணூறு விழுக்காடு இடங்களில் அச்சிட்டவர் சொன்னதுதான் சரி என்று வைத்துக்கொண்டு மறுபடி கல்லுக்குப் போவது நல்லது. போயும் ஐயம் தீரவில்லை என்றால் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேருக்குப் படத்தை அனுப்புவேன். நான் என்ன படித்தேன் என்று சொல்வதில்லை, தொகுதியில் என்ன இருக்கிறது என்றும் சொல்வதில்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் கண்ணுக்கும் அதுவே தெரியும். அவரவர் தனியாக எழுதி அனுப்பிய பிறகு நான்கு வாசிப்பையும் வரிசையாக வைத்துப் பார்க்கிறோம்.